தலைகீழ் முத்திரை

ஏப்ரல் 7

மகாரா துறைத்தலைவன் ஆகிவிட்டான். காலைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மற்றவர்களைவிடப் பலமாக. வயிற்றெரிச்சலுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஜப்பானியக் கடற்கரையில் இருக்கிற இந்த ஆய்வு நிலையத்தில் இரண்டே கூட்டம்: நெருப்புக்காரர்கள், தண்ணீர்க்காரர்கள். சூரியனுக்குள் நடக்கிற அணு இணைவை ஒரு இரும்புக் கூட்டுக்குள் நடத்திக் காட்டுவது நெருப்புக்காரர்களின் வேலை. அந்தச் சூட்டை வாங்கித் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பது எங்கள் வேலை; எங்கள் பிரிவுக்குத் தலைவி நான். அவர்களுடைய சூரியன் இன்றுவரை ஒரு குளியல் தொட்டியைக்கூடச் சுட வைத்ததில்லை. அது வரும்வரை மின்சார உலையில் உலோகத்தைக் காய்ச்சித் தருகிறார்கள். எங்கள் பக்கம் மட்டும் ஆறு வருஷமாக நிஜமான ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் வாசல் பலகையில் இருப்பது சூரியன் படம். பதவியும் சூரியனுக்குத்தான்.

பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல் நானே விளக்குகளை அணைத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது விதி. நெருப்புக்காரர்கள் அறையில் கல்யாண வீடு போல எரிந்துகொண்டேயிருக்கும். நான் பலகை முன் நின்று ஒவ்வொரு சுவிட்சையும் விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லி அணைப்பேன். "ஒன்று, அணைத்தேன், சரி! இரண்டு, அணைத்தேன், சரி!" ஆறு வரைக்கும். ஆறாவதற்கு விளக்கு கிடையாது, வெறும் சுவிட்ச். அதையும் அணைப்பேன். சுட்டிச் சொன்னால் தப்பு நடக்காது. ரயில் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

மகாரா பின்னால் வந்து நின்று சிரித்தான். "அந்த ஆறாவது சுவிட்சுக்கு என்ன வேண்டுதலா, உபுகாதா?"

"உங்க சூரியன் எவ்வளவு எரியுதோ, அதுவும் அவ்வளவு எரியுது, தலைவரே" என்றேன்.

சிரிப்பு நின்றது. இன்றைக்குக் கிடைத்த ஒரே லாபம்.

ஏப்ரல் 11

அவனுக்கு விருந்து. வறுத்த வேர்க்கடலையும் பீரும். என் கோப்பையில் அவனே ஊற்றினான். "நீ இல்லன்னா இந்தத் துறையே இல்ல" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. அப்படியென்றால் என்னையே உட்கார வைத்திருக்கலாமே, புண்ணியவானே.

மே 8

விடுமுறை வாரம் முடிந்து வந்தால் மேசை மேல் ஒரு வண்ணத்தாள். இணைவு உலையைப் பெரிதாக இங்கேயே கட்டப் போகிறார்கள். ஊர் மன்றம் சம்மதிக்க வேண்டும். சம்மதத்துக்கான கோப்பு செப்டம்பர் 19 அன்று ஊருக்குப் போகிறது. அன்றே கடற்கரையில் விழா. நாங்கள் எடுத்த ஹைட்ரஜனை எரித்து, அந்த அடுப்பில் மீனவர் சங்கத்துக்காரர்களுக்கு மத்தி சுட்டுக் கொடுக்கப் போகிறார்களாம்.

மத்தி! இருபத்தேழு வருஷம் படித்ததும் உழைத்ததும் மத்தி சுடுவதற்கு.

என் கவலை வேறு. யாரும் கேட்காவிட்டாலும் இங்கே எழுதி வைக்கிறேன். தண்ணீரை வெறும் சூட்டால் பிளக்க வேண்டுமானால் எந்தப் பாத்திரமும் தாங்காத சூடு வேண்டும். அயோடினையும் கந்தகத்தையும் நடுவில் தரகர்களாக நிறுத்தினால் தொள்ளாயிரம் டிகிரி போதும். அந்தச் சூட்டை உலையிலிருந்து கொண்டுவருவது ஈயமும் லித்தியமும் கலந்த உருகிய உலோகம். நிஜ உலை வந்தபின் அந்த உலோகத்தில் ட்ரிடியம் இருக்கும், கதிர்வீச்சுள்ள ஹைட்ரஜன். சூடான சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். சிவக்கக் காய்ந்த உலோகச் சுவர் ட்ரிடியத்துக்குத் துணி மாதிரி. கசிந்து வரும். எங்கள் ஹைட்ரஜனில் கலக்கும். அதை எரித்தால் தண்ணீராகும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கடலுக்குத்தான். மத்தி இருக்கிற கடலுக்கு.

எவ்வளவு கசியும்? ஒருவரும் அளக்கவில்லை. நான் அளக்கப் போகிறேன். ட்ரிடியத்துக்குப் பதில் அதன் சாதுவான அண்ணன் டியூட்டீரியத்தை உலோகத்தில் கலந்துவிட்டு, எங்கள் பக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் போயிற்று. மகாராவிடம் அனுமதி கேட்டேன். "செஞ்சுக்கோ. ஒண்ணும் வராது" என்றான்.

ஜூன் 10

நாற்பத்தொன்று!

கசிவுக்கு நாங்களே வைத்துக்கொண்ட வரம்பின் அளவு ஒன்று. மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் ஹைட்ரஜனில் அளந்த டியூட்டீரியம் அதைப்போல நாற்பத்தொரு மடங்கு. மூன்று முறை பார்த்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பது புள்ளி எட்டு.

பயந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகாராவின் முகத்தை நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை.

மற்றபடி சாதாரண நாள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. காலையில் மின்பணியாளர்கள் வந்து கருவி அறையில் ஏதோ கம்பி மாற்றினார்கள். வழக்கம்போல் அறிவிப்புத் தாள் மேசைக்கு மேசை சுற்றி வந்தது. படித்ததற்கு அடையாளமாக, கையெழுத்துக்குப் பதில் என் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த மேசைக்குத் தள்ளினேன்.

ஜூன் 11

அயோடின் குழாய் அடைத்துக்கொண்டது. நூற்றுப் பதினான்கு டிகிரிக்குக் கீழே போனால் அயோடின் கல்லாகிவிடும். அதனால்தான் குழாய் முழுக்கச் சூடேற்றும் கம்பி சுற்றியிருக்கிறோம். எங்கேயோ குளிர்ந்திருக்கிறது. காலை ஒன்பதே காலுக்கு ஒரு இணைப்பு பிதுங்கி, ஊதாப் புகை. எல்லோரும் ஓடினோம். யாருக்கும் காயமில்லை. சுவரில் ஆள் உயரத்துக்குக் கறை.

குழாய்ப் பொறுப்பு கசுயா. அறுபத்துமூன்று வயது. ஓய்வு பெற்றபின் வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்தில் நீட்டிக்கிறார்கள். என் அளவு வெளியே வந்த மறுநாளா இவருடைய குழாய் வெடிக்க வேண்டும்? இப்போது எந்தக் கழுதையும் கேட்கும், பழுதான இயந்திரத்தில் எடுத்த எண்தானே என்று.

மதியம் விளக்கணைக்கப் போனபோது ஆறாவது சுவிட்ச் மேல் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 12

காலை உடற்பயிற்சி முடிந்ததும் கசுயா எல்லோர் முன்னாலும் வந்து இடுப்பு வரை குனிந்தார். "என் குழாய். என் கவனக்குறைவு. மன்னிக்கணும்." வெகுநேரம் நிமிரவில்லை. நான் சொன்னேன்.

"குனிஞ்சா குழாய் சரியாயிடுமா, கசுயா சான்? அறுபத்துமூணு வயசுல ஒரு சூடேத்துற கம்பியைப் பாத்துக்க முடியலன்னா வீட்ல உக்காந்து பேரன் மூக்கைத் துடைக்க வேண்டியதுதானே?"

அவர் குனிந்தபடியே "ஆமாங்க" என்றார்.

அதிகமாகப் பேசிவிட்டேனா? இல்லை. குழாய் வெடித்தது நிஜம்.

ஜூன் 20

மகாரா கதவைச் சாத்தினான். கதவைச் சாத்தினால் மரியாதை போய்விடும், இரண்டு பக்கமும்.

ஊருக்குப் போகிற கோப்பின் முதல் வடிவம் மேசையில் இருந்தது. நான் அளந்ததை எழுதிய பக்கம் அதில் இல்லை.

"எங்கே அது?"

"இருக்கு. என் இழுப்பறைல."

"ஊருக்குப் போற கோப்பு உன் இழுப்பறைக்குள்ளயா இருக்கும்?"

"நிதானமா யோசி, உபுகாதா. ஒரு மத்தியானம் எடுத்த அளவு. மறுநாளே குழாய் வெடிச்சிருக்கு. அதுக்கு முந்தின நாள் எல்லாம் சரியா ஓடுச்சுன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா? நாப்பத்தொண்ணுன்னு போட்டா மீனவர் சங்கம் நம்மளைக் கடல்ல தூக்கிப் போட்டுடும். விழா முடியட்டும். நிதானமா மறுபடி அளப்போம்."

"விழா முடிஞ்சா சம்மதமும் முடிஞ்சுடும். அப்புறம் எதுக்கு அளக்கணும்?"

"உனக்குக் கடல் மேல அக்கறையா? இல்ல, இந்த நாற்காலி மேலயா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கோப்பின் பக்கங்களைப் புரட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முகப்புத்தாளைத் தள்ளினான். பிரிவுத் தலைவர் என்ற கட்டத்தில் நான் முத்திரை குத்த வேண்டும். இங்கே எல்லோரும் தங்கள் முத்திரையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துக் குத்துவார்கள். இடது கட்டத்தில் மேலதிகாரியின் முத்திரை இருக்கும். கீழே இருப்பவன் பெயர் அவரைப் பார்த்துக் குனிந்து வணங்குகிற மாதிரி. நான் இருபத்தேழு வருஷத்தில் ஒருமுறைகூடச் சாய்த்ததில்லை. நட்ட கம்பம் மாதிரி நேராகத்தான் குத்துவேன். இன்று முத்திரையைத் திருப்பிப் பிடித்துத் தலைகீழாகக் குத்தினேன். ஒத்துக்கொள்ளாதவன் வேறு வழியில்லாமல் குத்தினால் அப்படித்தான் குத்துவான். இங்கே வேலை பார்க்கிற எவனுக்கும் அது புரியும். ஓரம் உடைந்த முத்திரை என்னுடையது. உடைந்த மூலை மேலே நிற்க வேண்டியது, கீழே போய் நின்றது.

மகாரா தாளைத் தூக்கிப் பார்த்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். சிரித்தான்.

"தலைகீழா குத்தினாலும் முத்திரை முத்திரைதான்" என்று சொல்லி அடுக்கில் வைத்துவிட்டான்.

ஜூன் 21

அவன் சொன்னது சரி. என் முத்திரை அதில் இருக்கிறது. எப்படி நின்றால் என்ன.

ஜூன் 27

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் போல. தாடை வலிக்கிறது. மகாராவின் பெயரைக் கேட்டாலே காது சூடாகிறது. சாப்பாட்டறையில் அவன் நூடுல்ஸ் உறிஞ்சுகிற சத்தத்தைக்கூட என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு வழி இருக்கிறது. ஜூன் 10 அன்று இயந்திரம் சரியாகத்தான் ஓடியது என்று காட்டிவிட்டால் அவன் வாயை அடைக்கலாம். அன்றைய பதிவுகள் எல்லாவற்றையும் எடுக்கப் போகிறேன். ஒவ்வொரு நிமிஷத்தையும்.

ஜூலை 2

எடுத்தேன்.

கசுயாவின் தாளில் ஹைட்ரஜன் எவ்வளவு வந்தது என்று இருக்கிறது. நான் கலவையின் விகிதத்தை மட்டும்தான் பார்த்தேன், அளவைப் பார்க்கவில்லை — அது அவர் தாள், நான் ஏன் பார்க்க வேண்டும் என்ற திமிர். பன்னிரண்டு இருபதிலிருந்து ஹைட்ரஜன் இறங்குகிறது. இரண்டரை மணிக்குப் பத்தில் ஒரு பங்கு. கசிந்து வந்த டியூட்டீரியம் அதே அளவுதான்; அதில் கலக்க ஹைட்ரஜன்தான் இல்லை. ஒரு ஸ்பூன் உப்பை முழுப் பானை சூப்பில் போடுவதற்கும் ஒரு கோப்பையில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். என் நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று இல்லை. ஏறக்குறைய நாலு.

ஏன் இறங்கியது? சூடேற்றும் கம்பியின் பதிவைப் பார்த்தேன். பன்னிரண்டு ஒன்றுக்கு மின்சாரம் நின்றிருக்கிறது. சரியாக ஒரு மணிக்குத் திரும்ப வந்திருக்கிறது. அதற்குள் அயோடின் உறைந்து குழாயை அடைக்கத் தொடங்கிவிட்டது.

பன்னிரண்டு ஒன்று. ஒரு மணி.

அப்போதே புரிந்துவிட்டது, அது நான் விளக்கணைக்கிற நேரம். ஆனாலும் அறிவிப்புக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 10, காலை. மின்பணி அறிவிப்பு. 'அயோடின் குழாயின் சூடேற்றும் கம்பி, பழைய பெட்டி பழுதானதால், தற்காலிகமாக விளக்குப் பலகையின் ஆறாவது சுவிட்சுக்கு மாற்றப்பட்டுள்ளது. அணைக்க வேண்டாம்.' கீழே வரிசையாகப் பதினொரு முத்திரைகள். பத்து, சாய்ந்து வணங்குகின்றன. ஒன்று நேராக நிற்கிறது. ஓரம் உடைந்தது.

நான்தான். நான் சுட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லி, 'ஆறு, அணைத்தேன், சரி!'

ஜூலை 3

சரியாம் சரி. என்னடி சரி?

சுவிட்ச் மேல் எழுதியும் ஒட்டியிருப்பார்கள். விரல் நீட்டினேன், வாய் பேசினேன். கண் எங்கே போச்சு? கண்ணு எங்கேடி போச்சு?

ஜூலை 4

யாருக்கும் தெரியாது. கோப்பைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டேன்.

இதை மறைத்தால் என்ன? நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே இருக்கும். நாலு என்றால் யாரும் பதறமாட்டார்கள். நாற்பத்தொன்றுக்குத்தான் ஊர் விழிக்கும். நல்ல காரியத்துக்காக ஒரு தாளை இழுப்பறையில் வைப்பது —

இந்த வரியை எழுதிவிட்டு நிறுத்தினேன். இது யார் பேசுகிற பேச்சு? மகாராவின் குரல் அப்படியே என் பேனாவிலிருந்து வருகிறது.

ஜூலை 8

அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படுபவர்களின் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். கசுயாவின் பெயர் இல்லை.

அவர் பட்டியல் முன்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்ததைப் பார்த்தேன். பிறகு குழாய் பார்க்கப் போய்விட்டார்.

ஜூலை 9

கேட்டுவிட்டேன். கருவி அறையில் அவர் மட்டும் இருந்தார்.

"அந்த ஆறாவது சுவிட்ச்ல சிவப்பு நாடா ஒட்டினது யாரு?"

"நான்தாங்க."

"எப்போ?"

"வெடிச்ச அன்னிக்குக் காலையில. புகை அடங்கினதும்."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். முந்தின நாள் மத்தியானம் நான் பின்னாடி அறையில சாப்பிட்டுட்டிருந்தேன். உங்க குரல் நல்லா கேட்டுச்சு. 'ஆறு, அணைத்தேன், சரி'ன்னு. எனக்கு அப்போ உறைக்கலை. மறுநாள்தான் உறைச்சுது."

"அப்புறம் ஏன் நீங்க போய்க் குனிஞ்சீங்க?"

"என் குழாய்ங்க. யார் சுவிட்சை அணைச்சாலும் குழாய் என்னுது. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் தொட்டுப் பாத்திருக்கணும். பாக்கலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" — குரல் உயர்ந்துவிட்டது. தப்பு செய்தவள் நான், கத்துகிறவளும் நான்.

கசுயா முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னா நம்பியிருப்பீங்களா? இந்த இருபது வருஷத்துல யாராச்சும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லி, நீங்க 'ஆமா, என் தப்பு'ன்னு சொல்லி நான் பாத்ததில்லைங்க. பேரன் மூக்கைத் துடைக்கச் சொன்னீங்க. எனக்குப் பேரன் கிடையாது. கல்யாணமே ஆகலை."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அறைந்த மாதிரி இருந்தது.

ஜூலை 10

காலை உடற்பயிற்சி. கை மேலே, கை கீழே. முடிந்ததும் முன்னால் போய் நின்றேன். சொன்னேன். அறிவிப்பில் என் முத்திரை, பலகையில் என் விரல், குழாயில் என் தப்பு. கசுயா சான் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் அன்று பேசியது அநியாயம். குனிந்தேன். என் செருப்பில் அயோடின் கறை இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

நெருப்புக்காரர்கள் பக்கத்தில் ஒருவன் மட்டும் "ஆறு, சரி" என்று முனகினான். சிரிப்பு. தகுதியான சிரிப்புதான். அவன் மூஞ்சியை நினைவில் வைத்திருக்கிறேன்.

மதியம் விபத்து அறிக்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். மகாரா கதவைச் சாத்தினான்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? உன் நாப்பத்தொண்ணை நீயே நாலாக்கிட்ட. நான் சொன்னேன்ல, அன்னிக்கு ஏதோ சரியில்லன்னு."

"சொன்ன. சரியாத்தான் சொன்ன."

இதை அவனிடம் சொல்வதற்குப் பதில் அயோடினைக் குடித்திருக்கலாம்.

அவன் உற்சாகமாகப் படிவத்தைப் புரட்டினான். ஒன்பதாவது கட்டத்தில் நின்றான். 'விபத்தால் பாதிக்கப்பட்ட அளவீடுகள் மீண்டும் எடுக்கப்பட்டு, முடிவு இத்துடன் இணைக்கப்படும். துறைத்தலைவரின் முத்திரையுடன் மூடப்பட்ட அறிக்கைகள் அனைத்தும் ஊர்க் கோப்பில் சேர்க்கப்படும்.' இரண்டு முறை படித்தான். முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியது.

"இதுக்குத்தான் செஞ்சியா? மறுபடி அளக்க வைக்கிறதுக்கா?"

"கசுயாவுக்காகச் செஞ்சேன்."

"பொய் சொல்லாத."

பொய்யா? ஒன்பதாவது கட்டத்தை முதலில் படித்தேனா, மன்னிப்பை முதலில் முடிவு செய்தேனா? நேற்று சாயந்திரம் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். வரும்போதே மன்னிப்பு கேட்பதென்று முடிவு. ஒன்பதைப் படித்ததும் இரண்டாவது கோப்பை சாக்கே மது ஊற்றிக்கொண்டேன். இதற்கு மேல் எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

ஜூலை 25

மறுசோதனை. கசுயா குழாயை அரைமணிக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்தார். மகாரா எங்கள் பக்கத்துக்கு வந்து நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், நான் ஏதாவது செய்துவிடுவேன் என்று. உட்காரட்டும். நெருப்புக்காரன் தண்ணீர் எப்படிப் பிளக்கிறது என்று ஒருநாளாவது பார்க்கட்டும். பன்னிரண்டு மணிக்கு விளக்கை யாரும் அணைக்கவில்லை.

மூன்றே முக்கால் மடங்கு.

எண் திரையில் நின்றது. ஒன்றுக்குக் கீழே வந்தால் எனக்கு அவமானம், நாற்பது வந்தால் அவனுக்கு. மூன்றே முக்கால் எங்கள் இரண்டு பேருக்கும் வாய்ப்பூட்டு.

"சுவர்ல ஒரு பூச்சு கொடுத்தா குறைக்கலாம்" என்றான் கடைசியில்.

"கொடுக்கலாம். மூணு வருஷம் ஆகும். அதையும் ஊருக்குச் சொல்லலாம்."

எழுந்து போய்விட்டான். நாற்காலியை எடுத்துப் போகவில்லை.

ஆகஸ்ட் 6

அறிக்கை மகாராவின் மேசையில் பன்னிரண்டு நாளாக இருக்கிறது. முத்திரை இல்லை. அவன் குத்தாவிட்டால் அது மூடப்படாது. மூடாவிட்டால் ஊருக்குப் போகாது.

கேட்டேன். "பாத்துட்டிருக்கேன்" என்றான்.

ஆகஸ்ட் 15

முன்னோர் விடுமுறை. ஊரே காலி. செத்தவர்கள் ஏறி வீட்டுக்கு வர வெள்ளரிக்காயில் குதிரை ஒன்று செய்து வைத்தேன், கால் வளைந்துவிட்டது. யாரை ஏற்றிக்கொண்டு வரப்போகிறதோ.

செப்டம்பர் 1

எனக்கு மாற்றல். ஆவண அறைக்கு. கட்டிடத்தின் பின்பக்கம், ஒரே ஒரு ஜன்னல், அதன் வழியே தெரிவது சைக்கிள் கொட்டகை. ஆணையில் 'அனுபவத்தைப் பயன்படுத்தும் பொருட்டு' என்று மகாரா போட்டிருக்கிறான். விபத்துக்குத் தண்டனை என்று நேராகப் போட்டிருந்தால் மதித்திருப்பேன்.

மாற்றல் தாளில் என் முத்திரை வேண்டும் என்றார்கள். நேராகக் குத்தினேன். தப்பு என்னுடையதுதானே.

மேசையைக் காலி செய்யும்போது கசுயா பெட்டி தூக்க வந்தார். அவருக்கு அடுத்த மார்ச் வரை நீட்டித்துவிட்டார்களாம். பெட்டியை வைத்துவிட்டு, "இங்க குழாயே இல்லையே. நிம்மதிங்க" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை. கிண்டல்தான்.

செப்டம்பர் 12

அறிக்கைக்கு இன்னும் முத்திரை இல்லை. ஊர்க் கோப்பு ஏழு நாளில் போகிறது. தொலைபேசியில் கேட்டேன். "பாத்துட்டிருக்கேன்னு சொன்னேன்ல" என்று வைத்துவிட்டான். பார்த்துக்கொண்டே இரு. கண் அவிந்து போகட்டும்.

செப்டம்பர் 16

புயல். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. கடற்கரைப் பந்தலைப் பிரித்துவிட்டார்களாம். மத்தி சுடும் விழா அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிற்று. கோப்பு மட்டும் அதே தேதியில் போகிறது.

செப்டம்பர் 19

காலை பத்து மணிக்கு ஊர்க் கோப்பு ஆவண அறைக்கு வந்தது. கட்டிச் சீல் வைத்து அனுப்புவது இப்போது என் வேலை. இருநூற்று நாற்பது பக்கம். கொண்டுவந்தவர் போகும்வரை தொடவில்லை. பிறகு ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்து, வாய்விட்டு எண்ணினேன். இந்த முறை கண்ணையும் வைத்து.

இருநூற்றுப் பன்னிரண்டு. விபத்து அறிக்கை. பின்னால் மறுசோதனை முடிவு: மூன்றே முக்கால் மடங்கு. பூச்சுக்கு மூன்று வருஷம். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. கீழே வலது கட்டத்தில் என் முத்திரை, நேராக. இடது கட்டத்தில் மகாராவின் பெரிய எருமைக்கொம்பு முத்திரை.

தலைகீழாக.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோடும் தெளிவாகப் பதிந்திருந்தது, கை நழுவிய குத்து இல்லை. மை நிறையத் தோய்த்து, திருப்பிப் பிடித்து, அழுத்திக் குத்தியிருக்கிறான். என்னை எவ்வளவு வெறுக்கிறான் என்று அதில் தெரிந்தது. இந்த இருபத்தேழு வருஷத்தில் அவன் என்னிடம் பொய் கலக்காமல் சொன்னது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

தொலைபேசி அடித்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"திருப்பி அனுப்பிடு. வேற தாள்ல நேரா குத்தித் தரேன். அடுத்த வாரம்."

அடுத்த வாரம் கோப்பு போய்விட்டிருக்கும். இந்தப் பக்கம் இல்லாமல்.

"எதுக்குத் தலைவரே? தலைகீழா குத்தினாலும் முத்திரை முத்திரைதான்."

தொலைபேசியை வைத்துவிட்டான்.

கோப்பைக் கட்டினேன். சீல் வைத்தேன். ஊர் மன்றத்தின் வண்டி பதினொன்றரைக்கு வந்து எடுத்துப் போனது. பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைக்க எழுந்தேன். இந்த அறையில் ஒரே ஒரு சுவிட்ச். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அணைத்தேன்.